பந்து யார் கைக்கு வரும்?

உத்தரப் பிரதேசக் கிராமம் ஒன்றில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்கள் ஆறு பேர் ஓர் அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மூவர் மேல்சாதிக் குடும்பத்துப் பிள்ளைகள், மூவர் தலித் பிள்ளைகள். ஆளுக்கு ஒரு பென்சிலும் ஒரு கட்டுத் தாளும் கொடுத்திருக்கிறார்கள். தாள் ஒவ்வொன்றிலும் ஒரு புதிர்ப்பாதை. உள்ளே நுழைந்து, முட்டுச்சந்துகளில் மாட்டாமல், வெளியே வரும் வழியைக் கோடு போட்டுக் காட்ட வேண்டும். நேரம் பதினைந்து நிமிடம். தீர்த்த புதிர் ஒவ்வொன்றுக்கும் ஒரு ரூபாய்.

உலக வங்கியின் பொருளியலாளர் கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் நடத்திய சோதனை இது. மேல்சாதிப் பையன்கள் 321 பேரும் தலித் பையன்கள் 321 பேரும் பல அமர்வுகளாகக் கலந்துகொண்டார்கள். சில அமர்வுகளில் யார் என்ன சாதி என்ற பேச்சே எழவில்லை. அங்கே இரு சாராரும் தீர்த்த புதிர்களில் வித்தியாசம் தென்படவில்லை. வேறு சில அமர்வுகளில், தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு பையனின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி எல்லாவற்றையும் அனைவர் முன்னிலையிலும் உரக்க வாசித்தார்கள். ஆமாம் என்று பையன் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான். பிறகு அதே தாள், அதே நேரம், அதே ஒரு ரூபாய். ஆனால் தலித் பையன்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்துவிட்டது.

படிக்கிறவர்களுக்கு உடனே ஒரு விளக்கம் தோன்றும்: தாழ்வு மனப்பான்மை, தன்னம்பிக்கை போய்விட்டது, பையனைத் தேற்ற வேண்டும். ஹாஃபும் பாண்டேயும் அதோடு நிற்கவில்லை. இன்னொரு ஏற்பாட்டையும் செய்து பார்த்தார்கள். சாதியை முன்போலவே அறிவித்தார்கள். ஆனால் பரிசுப் பணம் யாருக்குச் சேரும் என்பதில் குலுக்கல் சீட்டைக் கொண்டுவந்தார்கள். அந்த அமர்வுகளில் சாதி இடைவெளி மறைந்துபோனது. மனத்தளர்ச்சிதான் காரணம் என்றால் ஒரு குலுக்கல் சீட்டு அதை எப்படிக் குணப்படுத்தியிருக்க முடியும்? ஆய்வாளர்கள் வந்த முடிவு இதுதான்: தன் சாதி தெரிந்துவிட்ட இடத்தில், தன் உழைப்புக்குரிய பலனைப் பெரியவர்கள் ஒழுங்காகத் தரமாட்டார்கள் என்று பையன் எதிர்பார்த்தான். பலனைத் தீர்மானிப்பதில் மனிதக் கை விலகிச் சீட்டு வந்ததும் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

இந்தச் சொற்பொழிவு முன்வைக்க விரும்பும் ஒரே கருத்து அந்தக் குலுக்கல் சீட்டில் இருக்கிறது. ‘இது என் இடம், இவர்கள் என்னவர்கள்’ என்ற உணர்வை ஒருவருடைய மனதுக்குள்ளேயே வைத்துப் பேசுவது வழக்கம். கூச்சப்படுகிறான், ஒட்டமாட்டேன் என்கிறான், தனிமையிலேயே இருக்கிறாள் என்கிறோம். கடந்த ஐம்பது ஆண்டுச் சமூக உளவியல் ஆய்வுகளில் உறுதியாக நிற்பவற்றைச் சேர்த்துப் பார்த்தால் கதை வேறாகத் தெரிகிறது. மனிதர்கள் தாங்கள் நிற்கும் இடத்தைக் கூர்ந்து கவனிக்கிறார்கள். அங்கே தங்களுக்கு என்ன கிடைக்கும் என்று ஊகிக்கிறார்கள். அந்த ஊகம் பெரும்பாலும் நியாயமான ஊகம். அதை மாற்ற வேண்டுமானால் இடத்தை மாற்றியமைக்க வேண்டும்.

இந்த உணர்வு மனிதனுக்கு எவ்வளவு அடிப்படையானது என்பதில் இன்று பெரிய சர்ச்சை இல்லை. ராய் பாமைஸ்டரும் மார்க் லியரியும் 1995இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பிறரோடு நிலையான, அக்கறையுள்ள உறவு வேண்டும் என்ற நாட்டத்தை மனிதனின் அடிப்படைத் தேவைகளில் ஒன்றாக வைத்தது. 2010இல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாடும் அவரது குழுவினரும் 3,08,849 பேரை உள்ளடக்கிய 148 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். உறவுகள் வலுவாக இருந்தவர்கள் ஆய்வுக்காலம் முழுவதும் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 விழுக்காடு அதிகம் என்று கண்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் சமூகத் தொடர்பு ஆணையம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் வாடுவதாகவும் ஆண்டுக்கு 8,71,000க்கும் மேற்பட்ட மரணங்கள் தனிமையோடு தொடர்புடையவை என்றும் மதிப்பிடுகிறது. தேவை இருக்கிறது, அது நிறைவேறாவிட்டால் உடம்பே கெடுகிறது. மேலும் பேச வேண்டியது, அந்தத் தேவை எங்கே, யாரால் மறுக்கப்படுகிறது என்பதைப் பற்றித்தான்.

அதை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஹென்றி தாஜ்ஃபெல். 1919இல் போலந்தில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பிரான்சில் வேதியியல் படிக்கப் போனார். போர் மூண்டதும் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார். 1940இல் ஜெர்மானியர்களிடம் சிறைப்பட்டார். அவர் யூதர் என்பது சிறைக்காவலர்களுக்குத் தெரியும். போலந்து யூதர் என்பது தெரியாது. பிரெஞ்சுப் போர்க்கைதியாகவே எண்ணி வைத்திருந்தார்கள். ஒரே மனிதர், ஒரே உடல். ஏட்டில் அவர் பெயருக்கு எதிரே எந்த வகை எழுதப்பட்டிருந்தது என்பதே அவர் பிழைப்பதையும் சாவதையும் முடிவு செய்தது. போர் முடிந்து திரும்பி வந்தபோது அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர் எவரும் உயிரோடில்லை. போரால் வீடிழந்த அகதிகளுக்கான பணிகளில் சில ஆண்டுகளைக் கழித்துவிட்டு இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்து, உளவியல் படித்து, 1967இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார்.

மனிதர்கள் ஒரு கூட்டத்தை வெறுக்க எவ்வளவு காரணம் வேண்டும் என்பது அவருடைய கேள்வி. பதில் தேட அவர் எடுத்துக்கொண்டது பிரிஸ்டல் பகுதிப் பள்ளி ஒன்றின் 14, 15 வயதுப் பையன்கள் 64 பேரை. திரையில் புள்ளிகள் மின்னி மறையும், எத்தனை என்று ஊகிக்க வேண்டும். பிறகு, கூடுதலாக ஊகித்தவர்கள் ஒரு குழு, குறைவாக ஊகித்தவர்கள் இன்னொரு குழு என்று சொல்லப்பட்டது. உண்மையில் பிரிப்பு மனம்போனபடி செய்யப்பட்டது. இன்னொரு சோதனையில் பால் க்ளே, வாசிலி காண்டின்ஸ்கி என்ற இரு ஓவியர்களில் யாரைப் பிடிக்கும் என்பதை வைத்துப் பிரித்ததாகச் சொன்னார்கள். தன் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்று எந்தப் பையனுக்கும் தெரியாது. யாரும் யாரோடும் பேசவில்லை. பழைய பகை எதுவும் இல்லை. ஒவ்வொரு பையனும் தனியறையில் உட்கார்ந்து, எண்ணால் மட்டும் குறிக்கப்பட்ட வேறு இருவருக்குச் சிறு தொகையைப் பங்கிட வேண்டும். தனக்கென்று எதையும் எடுத்துக்கொள்ள முடியாது.

பையன்கள் நியாயத்தை அடியோடு மறக்கவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் தராசு தங்கள் குழுவின் பக்கமே சாய்ந்தது. அதைவிடக் கவலை தரும் ஒன்றும் வெளிப்பட்டது. பங்கீட்டுத் தாள்களில் சிலவற்றை இப்படி வடிவமைத்திருந்தார்கள்: ஒரு கோடியில் தன் குழுக்காரனுக்கு 19, மற்றவனுக்கு 25. மறு கோடியில் தன் குழுக்காரனுக்கு 7, மற்றவனுக்கு 1. தன் ஆளுக்கு நிறையக் கிடைக்க வேண்டும் என்று நினைக்கிற யாரும் 19ஐத்தான் எடுப்பார்கள். பையன்களின் கை அந்தக் கோடிக்குப் போகவில்லை. தன் ஆளுக்குக் குறைந்தாலும் பரவாயில்லை, மற்றவனைவிட ஒரு படி மேலே நிற்க வேண்டும் என்ற பக்கமாகவே நகர்ந்தது. அற்பமான ஒரு காரணம் சொல்லி அப்போதுதான் உண்டாக்கப்பட்ட கூட்டத்துக்காக அவர்கள் இதைச் செய்தார்கள். 1970இல் வெளியான இந்த ஆய்விலிருந்து, ஒருவரின் சுயமதிப்பில் ஒரு பகுதி அவர் சேர்ந்த குழுவிலிருந்து வருகிறது என்ற சமூக அடையாளக் கோட்பாடு பின்னர் உருவாயிற்று.

தாஜ்ஃபெல் 1982இல் இறந்தார். தம்மோடு பணியாற்றிய இளம்பெண்களிடம் அவர் பாலியல்ரீதியாகத் தகாத முறையில் நடந்துகொண்டது பின்னாளில் விரிவாக வெளிவந்தது. ஐரோப்பியச் சமூக உளவியல் சங்கம் தன் வாழ்நாள் விருதிலிருந்து அவர் பெயரை நீக்கியது. ஒதுக்கப்படுவதைப் பற்றி இவ்வளவு அறிந்த ஒருவருடைய ஆய்வுக்கூடத்திலேயே பெண்களுக்கு அது அவர்களுடைய இடமாக இல்லாமல் போனது என்பதைச் சொல்லாமல் அவருடைய கண்டுபிடிப்பை மட்டும் எடுத்துக்கொள்வது நேர்மையாகாது.

குழு பிரிந்தால் பாரபட்சம் வரும். அந்தப் பாரபட்சம் வந்து விழுகிற இடத்தில் என்ன நடக்கிறது? அதைக் கண்டறிய ஒரு பந்து போதுமானதாக இருந்தது.

அமெரிக்க உளவியலாளர் கிப்ளிங் வில்லியம்ஸ் ஒரு பூங்காவில் தம் நாயோடு இருந்தபோது, ஃபிரிஸ்பீ எனப்படும் எறிதட்டு ஒன்று அவரிடம் வந்து விழுந்தது. முன்பின் தெரியாத இருவர் விளையாடிக்கொண்டிருந்தார்கள். இவர் திருப்பி எறிந்தார், அவர்கள் இவருக்கே மறுபடி எறிந்தார்கள். சில சுற்றுகள் மூவரும் ஆடினார்கள். பிறகு, எந்தக் காரணமும் சொல்லாமல், அவர்கள் இருவரும் தங்களுக்குள் மட்டும் எறிந்துகொள்ளத் தொடங்கினார்கள். அந்தச் சில நிமிடங்களில் தமக்கு ஏற்பட்ட அவமானத்தின் அளவு வில்லியம்ஸை வியக்க வைத்தது. இழந்தது ஒன்றுமில்லை, அவர்கள் யாரென்றும் தெரியாது. இருந்தும் மனம் அப்படித் துவண்டது.

அதையே அவர் சோதனையாக்கினார். கணினித் திரையில் மூன்று உருவங்கள் பந்தெறிந்து விளையாடும் ‘சைபர்பால்’ அவருடைய குழுவினர் உருவாக்கியது. ஆய்வுக்கு வந்தவர் ஓர் உருவத்தை இயக்குவார். மற்ற இருவரும் எங்கோ இருக்கும் மனிதர்கள் என்று அவர் நம்புவார், உண்மையில் அவை நிரல்கள். தொடக்கத்தில் இரண்டொரு முறை பந்து வரும். அதற்குப் பிறகு வராது. 2000இல் வெளியான முதல் ஆய்வில் 62 நாடுகளைச் சேர்ந்த 1,486 பேர் இணையத்தின் வழியே ஆடினார்கள். பந்து வராதவர்களுக்குச் சேர்ந்திருக்கும் உணர்வு குறைந்தது. நிலைமை தன் கையில் இருக்கிறது என்ற எண்ணமும் கூடவே இறங்கியது. சுயமதிப்பும் தன் இருப்புக்கு ஒரு பொருள் உண்டு என்ற எண்ணமும் இறங்குவதைப் பின்வந்த சோதனைகள் காட்டின. 2015இல் ஒரு தொகுப்பாய்வு இத்தகைய 120 ஆய்வுகளை அலசி, பாதிப்பு உண்மையானது, பெரியது என்று உறுதி செய்தது. உளவியலில் பல புகழ்பெற்ற முடிவுகள் மறுசோதனையில் சரிந்துபோன காலத்தில் சரியாமல் நின்றவற்றுள் இதுவும் ஒன்று.

எதிரே ஆடுவது கணினிதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாலும் பந்து வராதவர்கள் வருந்தினார்கள். கறுப்பின மக்கள்மீது வெறியாட்டம் நடத்திய கூ க்ளக்ஸ் க்ளான் அமைப்பின் ஆதரவாளர்கள் எறிகிறார்கள் என்று சொல்லி ஆடவைத்தபோதும், தாம் வெறுக்கிற அந்தக் கூட்டம் தம்மை ஒதுக்கியதற்காக மனிதர்கள் வருந்தினார்கள். ‘அவங்க கூப்பிடாட்டா என்ன, நமக்கு நாம இருக்கோம்’ என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குச் சொல்லப்படும் ஆறுதலுக்கு உண்டான எல்லை இந்தச் சோதனையில் தெரிகிறது.

2003இல் நவோமி ஐசன்பெர்கரும் சக ஆய்வாளர்களும் பந்து வராதவர்களின் மூளையைப் படமெடுத்து, உடல் வலியின்போது செயல்படும் பகுதி ஒன்று அப்போதும் செயல்படுவதாகக் காட்டினார்கள். ஒதுக்கப்படுவதும் அடிபடுவதும் மூளைக்கு ஒன்றே என்று பத்திரிகைகள் எழுதின. அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் 13 பேர்தான். இரண்டு வலிகளுக்கும் மூளையில் வெவ்வேறு தடங்கள் இருப்பதாகப் பிற்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒதுக்கப்பட்டவரின் வேதனையை நம்புவதற்கு மூளைப்படம் தேவையில்லை. அவர் சொல்வதே போதும்.

இந்தச் சோதனைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பந்து வராதவரைத்தான் பார்க்கிறார்கள். பந்தைக் கையில் வைத்திருப்பவர்களைப் பார்ப்பதில்லை. ஆட்டம் மாற வேண்டுமானால் மாற வேண்டியது எறிகிறவர்களின் பழக்கம். காத்து நிற்பவர் எத்தனை தன்னம்பிக்கைப் பயிற்சிக்குப் போய்வந்தாலும் பந்து தானாக அவரிடம் உருண்டு வராது.

மனதுக்குள் மாற்றம் செய்து வெற்றி கண்ட ஆய்வும் உண்டு என்று இத்துறை அறிந்தவர்கள் எடுத்துக்காட்டக்கூடும். கிரகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் 2011இல் வெளியிட்ட ஆய்வு அது. அமெரிக்காவின் பெயர்பெற்ற கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர்கள் 92 பேர். ‘முதலாண்டில் இந்த இடத்துக்கு நாம் பொருந்துவோமா என்று எல்லாருக்குமே சந்தேகம் வரும், நாளடைவில் அது தீரும்’ என்று மூத்த மாணவர்கள் சொன்னவற்றைச் சிலருக்குப் படிக்கக் கொடுத்தார்கள். படித்ததைத் தம் அனுபவத்தோடு இணைத்து, அடுத்து வரும் மாணவர்களுக்காக எழுதவும் பேசவும் சொன்னார்கள். மொத்தம் ஒரு மணி நேர வேலை. அடுத்த மூன்றாண்டுகளில், இதில் பங்கேற்ற கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளை மாணவர்களுக்கும் இடையிலான மதிப்பெண் இடைவெளி பாதியாகச் சுருங்கியது.

நம்புவதற்குக் கடினமான முடிவுதான். அதனால் அதைப் பெரிய அளவில் மறுபடியும் சோதித்தார்கள். 22 உயர்கல்வி நிறுவனங்கள், 26,911 மாணவர்கள். 2023இல் வந்த அந்த முடிவைக் கவனமாகப் படிக்க வேண்டும். பலன் இருந்தது, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. அந்த மாணவர்களுடைய சமூகத்தினர் உண்மையிலேயே ஒன்றிக் கலந்து படிக்க வாய்ப்பிருந்த நிறுவனங்களில் மட்டும் அந்த ஒரு மணி நேரம் வேலை செய்தது. அத்தகைய வாய்ப்பு இல்லாத இடத்தில், ‘நாளடைவில் சரியாகும்’ என்ற சொல்லுக்குப் பின்னால் நிற்க உண்மை இல்லை. மாணவர்கள் அதைக் கண்டுகொண்டார்கள்.

அப்படியானால் இடத்தை மாற்றியமைப்பது எப்படி? பொதுவாகக் கிடைக்கும் பதில், எல்லாரையும் ஒன்றாகப் பழக விடுவது. இதற்கு நிபந்தனைகள் உண்டு என்று 1954லேயே உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் எழுதினார்: சம அந்தஸ்து வேண்டும், பொதுவான இலக்கு வேண்டும், ஒத்துழைத்துச் செய்யும் வேலை வேண்டும், மேலிருக்கும் அதிகாரத்தின் ஆதரவு வேண்டும். இந்த நான்கின் அருமையை நம் நாட்டில் ஒருவர் கிரிக்கெட் மட்டையால் நிரூபித்தார்.

பொருளியலாளர் மேத்யூ லோ, வாரணாசி வட்டாரக் கிராமங்களில் இளைஞர்களுக்காகக் கிரிக்கெட் போட்டித் தொடர்களை நடத்தினார். ஆய்வில் மொத்தம் 1,261 ஆண்கள், பல சாதியினர். யார் ஆடுவது, யார் வெளியில் இருப்பது, எந்த அணியில் யார், எந்த அணி எந்த அணியோடு மோதும் என்பதெல்லாம் குலுக்கல் முறையில் முடிவாயின. சில அணிகளில் எல்லாரும் ஒரே வகைச் சாதியினர். சிலவற்றில் கலப்பு. ஆகவே ஒரே மைதானத்தில் இரு விதமான பழக்கம் உண்டாயிற்று. வேறு சாதிக்காரன் ஒருவன் சிலருக்குக் கூட்டாளியாக வந்தான், வேறு சிலருக்கு எதிரணிக்காரனாக வந்தான்.

தொடர் முடிந்த பிறகு லோ வெறுமனே அபிப்பிராயம் கேட்கவில்லை. நண்பர்கள் யார் யார் என்று பார்த்தார். அடுத்த ஆட்டத்துக்கு யாரை அணியில் எடுப்பார்கள் என்று பார்த்தார். பொருள்களைப் பிறரோடு மாற்றி லாபம் பார்க்கும் வியாபாரச் சோதனை ஒன்றையும் வைத்தார். ஒரே அணியில் கலந்து ஆடியவர்களுக்குச் சாதி கடந்த நட்பு கூடியிருந்தது. தன் சாதிக்காரனையே தேர்ந்தெடுக்கும் பழக்கம் குறைந்திருந்தது. சாதி கடந்து பேரம் பேசிப் பொருளை மாற்றிக்கொள்வதும் சுலபமாகியிருந்தது. வேறு சாதியினரை எதிரணியாக மட்டும் சந்தித்தவர்களுக்குப் பல விஷயங்களில் நேர்மாறாக நடந்தது, உறவு குறைந்தது. ஆட்டம் ஒன்றே, புழுதியும் வெயிலும் ஒன்றே. ஒரே பக்கம் நிற்க வைத்தார்களா, எதிரெதிரே நிற்க வைத்தார்களா என்பதில்தான் எல்லாம் இருந்தது. ஊர்த் திருவிழாவில் தெருவுக்குத் தெரு அணி கட்டிக் கபடி நடத்துகிறவர்கள், அணிகள் சாதிவாரியாகப் பிரிந்து நிற்கின்றனவா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டால் நல்லது.

இதே போன்றதொரு ஆய்வு இராக்கில் நடந்தது. 2014இல் ஐஎஸ் படைகள் வடஇராக்கின் கிறித்தவர்களை ஊரைவிட்டு விரட்டின. அண்டை வீட்டு முஸ்லிம்கள் தங்களைக் கைவிட்டார்கள், சிலர் துணைபோனார்கள் என்ற மனக்காயத்தோடு அவர்களில் பலர் பின்னர் ஊர் திரும்பினார்கள். சல்மா மூசா என்ற அரசியல் அறிவியலாளர் அந்தக் கிறித்தவ இளைஞர்களின் கால்பந்து அணிகளைக் கொண்டு தொடர் நடத்தினார். குலுக்கல் முறையில் சில அணிகளில் முஸ்லிம் ஆட்டக்காரர்களைச் சேர்த்தார். மற்ற அணிகளில் கிறித்தவர்களையே கூடுதலாகச் சேர்த்தார். 2020இல் வெளியான முடிவின்படி, கலந்து ஆடிய கிறித்தவர்கள் வேறு அணியிலிருந்த முஸ்லிமுக்குச் சிறந்த விளையாட்டுப் பண்புக்கான விருது வாக்கை அளிக்க முன்வந்தார்கள். அடுத்த பருவத்தில் கலப்பு அணிக்குப் பெயர் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம்களோடு பயிற்சிக்குப் போனார்கள். ஆனால் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள மோசூலுக்குப் போய் அங்குள்ள உணவகத்தில் சாப்பிடவோ, கலப்பு நிகழ்ச்சிகளுக்குப் போகவோ மற்ற அணியினரைவிட அதிகமாக அவர்கள் முன்வரவில்லை.

இதைத் தோல்வி என்று சிலர் படிப்பார்கள். அப்படிப் படிப்பது அந்த இளைஞர்களுக்குச் செய்யும் அநீதி. மைதானத்தில் விதி இருந்தது, நடுவர் இருந்தார், ஒரே சீருடை இருந்தது. மோசூலில் அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. உத்தரப் பிரதேசப் பையன்கள் சீட்டை நம்பியதைப் போலவே இவர்கள் மைதானத்தை நம்பினார்கள். ஊரை நம்புவதற்கு ஊர் இன்னும் ஏதாவது செய்தாக வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். தில்லியில் அரசிடமிருந்து சலுகை விலையில் நிலம் பெற்ற தனியார் பள்ளிகள், 2007 முதல் 20 விழுக்காடு இடங்களை ஏழைக் குழந்தைகளுக்குக் கட்டணமின்றி ஒதுக்க வேண்டியிருந்தது. பணக்காரப் பெற்றோரிடையே பெரும் எதிர்ப்பு. படிப்பு கெடும், ஒழுக்கம் கெடும் என்றார்கள். கௌதம் ராவ் என்ற பொருளியலாளர் என்னதான் ஆனது என்று அளந்து பார்த்தார். ஏழைப் பிள்ளைகளோடு படித்த பணக்காரப் பிள்ளைகள் பிறருக்கு உதவுவதில் முன்னின்றார்கள், பங்கிட்டுக் கொடுப்பதில் தாராளமாக இருந்தார்கள். பரிசுள்ள தொடர் ஓட்டத்துக்குக் கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, வேகமாக ஓடும் ஏழைப் பிள்ளையை ஒதுக்கிவிட்டு மெதுவாக ஓடும் பணக்காரப் பிள்ளையை எடுக்கும் போக்கு அவர்களிடம் குறைந்திருந்தது. ஆங்கில மதிப்பெண்ணில் சிறு சரிவு, இந்தியிலும் கணக்கிலும் மாற்றமில்லை.

இந்த ஆய்வில் ஒரு சின்ன விவரம் பெரிதும் மதிக்கத்தக்கது. ஒரே வகுப்பில் இருந்தால் போதுமா, அருகருகே இருக்க வேண்டுமா என்பதை ராவ் எப்படிக் கண்டார்? சில பள்ளிகளில் பிள்ளைகளைப் பெயரின் அகர வரிசைப்படி படிப்புக் குழுக்களாகப் பிரிப்பது வழக்கம். ஆகவே எந்தப் பணக்காரப் பிள்ளை எந்த ஏழைப் பிள்ளையின் குழுவில் விழுவான் என்பதைப் பெயரின் முதலெழுத்தே தீர்மானித்தது. அப்படி ஒரே குழுவில் சேர்ந்து வேலை செய்ததே மாற்றத்தின் கணிசமான பகுதிக்குக் காரணமாக இருந்தது.

தமிழ்நாட்டுக்கு இது தொலைதூரச் செய்தி இல்லை. உட்காரும் வரிசை இங்கே அரசியலையே புரட்டியிருக்கிறது. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் பிராமணச் சிறுவர் சிலருக்குச் சாப்பாடு தனிப் பந்தியில் போடப்பட்டது. காங்கிரஸ் நிதியும் பெற்ற அந்த நிறுவனத்தில் அப்படி ஒரு பந்தி இருக்கலாமா என்று பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கேட்டார்கள். 1925இல் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறியதன் பின்னணியில் அந்தச் சாப்பாட்டுக்கூடமும் உண்டு. ஹாஃப், பாண்டே ஆய்விலும் இதற்கு இணையான ஒன்று இருக்கிறது. சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார வைத்த அமர்வுகளில் தலித் பையன்கள் மட்டுமல்ல, மேல்சாதிப் பையன்களும் குறைவான புதிர்களையே தீர்த்தார்கள்.

நூறாண்டு கழித்தும் பள்ளிக்கூட வரிசைகள் தீர்ந்த பிரச்சினையாகிவிடவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவர் ஒருவரை அவருடைய வீட்டுக்கே போய்ச் சக மாணவர்கள் அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். தாஜ்ஃபெலின் பையன்களுக்குப் பின்னால் திரையில் மின்னிய புள்ளிகள் மட்டுமே இருந்தன. இங்கே பள்ளிப் பையன்கள் சிலர் சாதி அடையாளமாக மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிற்றுக்குப் பின்னால் நிலம், கோயில், குடிநீர், கூலி என்று தலைமுறைகளின் வரலாறு இருக்கிறது. புள்ளிகளே அவ்வளவு செய்யுமானால் கயிறு என்ன செய்யும் என்பதை விளக்கத் தேவையில்லை.

அந்தச் சம்பவத்தை அடுத்து அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு, 2024 ஜூனில் தன் அறிக்கையை முதலமைச்சரிடம் அளித்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு ஆகியவற்றைச் சாதி அடையாளமாக அணிவதைத் தடுக்க வேண்டும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்க வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் உண்டு. கயிறு, பொட்டு பற்றிய பரிந்துரைமீதே பேச்சும் எதிர்ப்பும் குவிந்தன. யாரும் அதிகம் பேசாத ஒரு பரிந்துரையும் அதில் இருக்கிறது: வகுப்பில் மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். செய்திகளில் ஒற்றை வரியாகக் கடந்துபோன அதற்கு ஆதரவாகத் தில்லியிலிருந்து சான்று இருக்கிறது. வாரணாசி மைதானத்திலிருந்தும் சான்று இருக்கிறது.

அகர வரிசை மட்டும் எல்லாவற்றையும் செய்துவிடாது. ஆல்போர்ட்டின் நான்கு நிபந்தனைகளில் அது முதல் படிக்கு உதவும், அவ்வளவே. பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குச் சேர்ந்து செய்ய ஒரு வேலை வேண்டும். அறிவியல் கண்காட்சிக்கு இருவரும் சேர்ந்து ஒரு செயல்மாதிரியைச் செய்ய வேண்டும். விளையாட்டு விழாவில் ஒரே அணியில் ஓட வேண்டும். மதிய உணவில் ஒரே வரிசையில் உட்கார வேண்டும். மதிப்பெண் போடுகிற ஆசிரியரின் கை குலுக்கல் சீட்டைப் போல ஆளைப் பார்க்காமல் இயங்குகிறது என்று பிள்ளைக்கு நம்பிக்கை வர வேண்டும். அந்த நம்பிக்கையை அறிவுரையால் ஊட்ட முடியாது. அது விடைத்தாள் திருத்துவதில், தலைமை மாணவரைத் தேர்ந்தெடுப்பதில், எந்தப் பிள்ளையையும் கழிப்பறை கழுவச் சொல்லாததில் தெரிய வேண்டும்.

இந்த அவையில் ஆசிரியர்கள் பலர் இருக்கிறார்கள், ஆசிரியப் பயிற்சி மாணவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்தச் சொற்பொழிவு கேட்டுக்கொள்வது ஒன்றுதான். வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போது, பிள்ளைகள் தாங்களாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும் வரிசையை அப்படியே விட்டுவிடாதீர்கள். பதிவேட்டை எடுத்து, பெயரின் முதலெழுத்தை வைத்துப் புதிதாக உட்கார வையுங்கள். பருவத்துக்கு ஒரு முறை குழுக்களைக் குலுக்கிப் போடுங்கள். அணித்தலைவர் பொறுப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் முறைவைத்து வரட்டும். இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம், அரசாணை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வகுப்பறையின் இருக்கை வரிசை இன்றைக்கும் வகுப்பாசிரியரின் அதிகாரத்தில்தான் இருக்கிறது.